வெள்ளையாய்ப் பூத்த ஊட்டி ரோசு

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு மினி லாரியில் செடி விற்க ஒருவர் வருகிறார். ஒவ்வொரு ரோஜாத் தொட்டியிலும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதிய அட்டை குத்தியிருக்கும். அதை அவரும் வாசிப்பதில்லை, நாமும் வாசிப்பதில்லை. "மஞ்சள்ல ஒண்ணு, செவப்புல ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா" என்பார். நம் வயதுக்காரர்களுக்கு அதற்கு மேல் எதற்கு?

நாம் வைத்திருந்த பெயர்கள் வேறு. பன்னீர் ரோஸ் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் சடையில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், மத்தியானம் மணி அடிக்கும்போது காம்பு மட்டும்தான் மிஞ்சும். உதிர்ந்த இதழ்களை நாம் தின்றிருக்கிறோம், இப்போது இல்லை என்று சாதிக்காதீர்கள். பட்டன் ரோஸுக்கு வாசமே கிடையாது, ஆனால் மறுநாளும் வாடாமல் நிற்கும். காஷ்மீர் ரோஸ் என்று ஒன்றைச் சொல்வோம். அதற்கும் காஷ்மீருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் டீச்சர் ரோஸ் என்று ஒன்று இருந்தது. பஸ்ஸில் வருகிற டீச்சர் காதோரம் ஒற்றையாய் வைத்து வருகிற பெரிய சிவப்பு ரோஜா அது. பெரியவர்கள் அதை ஊட்டி ரோஸ் என்றார்கள்.

இவை போக, எங்கள் வீட்டில் மட்டும் இன்னொரு பெயர் இருந்தது. தீட்டு ரோசு. அந்தப் பெயரோடு ஒரு செடி எங்கள் தோட்டத்தில் வெகுகாலம் நின்றது. வாசமுள்ள பூதான், ஆனால் ஒரு பெண்ணும் அதைத் தலையில் வைக்க மாட்டாள்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். கரிசல் காடு. பருத்தியும் கம்பும் விளையும். தண்ணீர்தான் பஞ்சம். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் பருப்பும் வேகாது, சோப்பும் நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஊருக்கு வெளியே இருந்த ஊருணிக்குத்தான் போக வேண்டும். ஊருணித் தண்ணீருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நல்ல தண்ணீர். அதைச் சுமந்து வருவது வீட்டுப் பெண்களின் வேலை. பித்தளைக் குடத்தை இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு அவர்கள் வரும்போது முகத்தில் ஒரு கடுப்பு இருக்கும். பித்தளைக் குடத்தை இன்று அழகுக்கு வாங்கி வைக்கிற மருமகள்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே உலையில் சாப்பிட்டார்கள். மூத்தவர் பெரியப்பா, நடுவில் என் அப்பா, கடைக்குட்டி சித்தப்பா. வீட்டை நடத்தியது பெரியம்மா. அவர் சொல்லாமல் வீட்டில் ஒரு அரிசி வேகாது. என் அம்மா அதிகம் பேசமாட்டார். சித்தப்பாவுக்கு வாக்கப்பட்டு வந்த சித்தி அதைவிடக் குறைவாகப் பேசுவார். மெலிந்த உடம்பு, பெரிய கண். கல்யாணமாகிச் சில வருடம் கழித்தும் அவருக்குக் குழந்தை இல்லை.

இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நான் சொல்லப்போகிற வருடத்துக்கு முன்பு ஒருமுறை சித்திக்கு நாள் தள்ளிப்போனது. தெரிந்த அன்றே பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சித்தியின் பிறந்த வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. ஆனால் தண்ணீர் எடுப்பது நிற்கவில்லை. "நாங்களும் வயித்துல பிள்ளையோடதான் சுமந்தோம்" என்றார் பெரியம்மா. அது பொய்யும் இல்லை, அவர் சுமந்தவர்தான். ஒருநாள் ஊருணியிலிருந்து வருகிற வழியில் சித்தி குடத்தோடு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் அங்கேயே முடிந்துபோனது. ஊர் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, இனிமேல் தரிக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். பலகாரம் தின்ற வாயெல்லாம் பிறகு சித்தியைத்தான் குற்றம் சொன்னது. பார்த்து நடக்கத் தெரியாதவள் என்று பெயர்.

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு மெதுவாக ஆரம்பித்தது. எம்.ரெட்டியபட்டியில் பெரியம்மாவின் சொந்தத்தில் ஒரு பெண் இருந்தது. சித்தி அடுப்படியில் இருக்கும்போதே முற்றத்தில் அந்தப் பேச்சு நடக்கும்.

அந்த வருடம் மாசி மாதத்தில் சித்தியின் அண்ணன் ஒரு ரோஜாச் செடி கொண்டுவந்தார். ஊட்டி மலைக்கு லாரி ஓட்டுகிறவர். உருளைக்கிழங்கு லோடுக்கு மேலே சாக்கைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்த செடி. நல்ல சிவப்பில், என் உள்ளங்கை நிறைகிற பூ. டீச்சர் ரோஸேதான். சித்தி அதைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். முதல் பூவை எனக்குக் கொடுத்தார். அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கோடை வந்தது. ஊருணி சேறும் சகதியுமாக வற்றியது. சித்தி தன் பங்குக்குக் கிடைத்த குடிதண்ணீரில் ஒரு செம்பு மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதைப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"குடிக்கவே தண்ணிக்கு அலையுதோம். ரோசுக்கு நல்ல தண்ணி கேக்குதோ? கெணத்துத் தண்ணிய ஊத்து."

"உப்புக்கு அது தாங்காதுக்கா."

"மனுசரே தாங்குதோம்."

கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். இலை ஓரம் கருகியது. பிறகு கொப்பு கொப்பாகக் காய்ந்தது. சித்திரை முடிவதற்குள் விறகுக் குச்சியாக நின்றது. நான் அழுதேன், சித்தி அழவில்லை. ஆடிக் காற்றில் அது ஒடிந்து விழும் என்று நினைத்தேன். ஆனால் அடியில், மண்ணை ஒட்டி, பச்சையாக ஒரு துளிர் எட்டிப்பார்த்தது. ஐப்பசி மழையில் அது கொடி மாதிரி நீண்டு, துவைக்கிற கல்லின் மேல் சாய்ந்தது. இலை கொஞ்சம் சின்னதாக, நெருக்கமாக இருந்தது. செடி பிழைத்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னோம். பெரியம்மாகூட, "நாந்தான் சொன்னேன்ல, தாங்கும்னு" என்றார்.

கார்த்திகை பிறந்ததும் பெரியப்பா மலைக்கு மாலை போட்டார். மாலை போட்ட ஆம்பிளை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் குளியல், இரண்டு வேளை பூசை, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர். வீட்டுக்குத் தூரமான பெண் அவர் கண்ணில் படக்கூடாது. பூச்செடி பக்கம் போகக்கூடாது என்பது எப்போதுமே இருந்த சட்டம். அந்த நாட்களில் தொட்டால் செடி பட்டுப்போகும் என்பார்கள். நானும் வெகுகாலம் அதை நம்பினேன்.

மார்கழியில் ஒரு காலை. வாசலில் கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்துவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். ரோஜா பூத்திருந்தது. கொத்துக் கொத்தாக, பனியில் நனைந்து, ஐந்தே இதழோடு, நடுவில் மஞ்சள் பொடியோடு. அத்தனையும் வெள்ளை.

நான் கத்திய சத்தத்தில் மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். பெரியம்மா கோலமாவுக் கையோடு நின்று பார்த்தார்.

"என்னத்தா இது? செவப்பு ரோசு வெள்ளையாப் பூத்துருக்கு?"

"தண்ணி சேரலையோ என்னமோக்கா" என்றார் அம்மா.

"தண்ணி சேரலைன்னா வாடும். வெளுக்கவா செய்யும்?"

பெரியம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் சித்தியின் பக்கம் திரும்பினார்.

"கார்த்திகையில நீ ஒதுங்குன மாதிரி எனக்கு நெனவில்ல. இந்த மாசமும் ஒதுங்கல. நானும் பூசை வேலையில கவனிக்காம இருந்துட்டேன். மாலை போட்ட மனுசன் இருக்கிற வீட்டுல மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க. தூரத்தோட செடியத் தொட்டிருக்க. அதான் காட்டிக் குடுத்துருச்சு. தொட்டியா, இல்லையா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தி பேசிவிட்டார்.

"தொட்டேங்க்கா."

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பயந்த குரல் இல்லை. கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வீடு முழுக்கக் கழுவப்பட்டது. அடுப்படிப் பானைகள் வெளியே வந்தன. பெரியப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும்வரை சித்தி வீட்டுப்படி ஏறக்கூடாது, ஊருணிப் பக்கமும் போகக்கூடாது, தோட்டத்தில் பருத்தி போட்டுவைக்கிற அறையில் இருக்க வேண்டும் என்று முடிவானது. தை பிறந்ததும் சித்தியின் அப்பாவை வரச்சொல்லி, ஒரு முடிவாகப் பேசிவிடுவது என்றும் சொன்னார்கள். என்ன முடிவு என்று எனக்கே தெரிந்திருந்தது. சித்தப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

"தீட்டுச் செடியும் அவ கூடயே போகட்டும்" என்றார் பெரியம்மா. பண்ணையாள் அதைத் தோண்டி எடுத்துப்போய்ப் பருத்தி அறைச் சுவரோரம் நட்டான். அன்றைக்கு விழுந்த பெயர்தான் தீட்டு ரோசு.

சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று, ஓரத்தில் பூச்சு உதிர்ந்தது. அதில் அம்மா கம்பஞ்சோறு வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணியில் முடிந்து தருவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, முடிச்சுக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு இருந்தது. அதற்குப் பிறகு தினமும் இருந்தது. ஒருநாள் புளியங்காய்கூட இருந்தது. "பெரியம்மா கண்ணுல காட்டாமக் கொண்டுபோ" என்பார் அம்மா. உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை.

தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவு. நான் முதல் நாள் மட்டும் அதைக் கேட்டேன். பருத்தி அறையின் வாசம் உங்களுக்குத் தெரியுமா? புதுப் பருத்தியும் பருத்திக்கொட்டையும் சேர்ந்து, லேசாக எண்ணெய் வாசமாக, கதகதப்பாக இருக்கும். வெளியே மார்கழிக் குளிர். சித்தி பருத்திக் குவியலில் சாய்ந்து படுத்திருப்பார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் பகலில் படுத்திருந்து நான் பார்த்ததே அங்கேதான். பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்காத நேரம் கதவு வழியாக அந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். செடிக்கு இடம் மாறியது தெரிந்ததாகவே தெரியவில்லை, மறுபடி மொட்டு விட்டிருந்தது.

"சித்தி, ஒங்கள ஊருக்கு அனுப்பிருவாகளா?"

"யாரு சொன்னா?"

"பெரியம்மா அம்மாகிட்டச் சொன்னாக. தை பெறந்ததும்னு."

"தை பெறக்கட்டும்" என்றார் சித்தி. ஒரு பூவைப் பறித்து என் காதோரம் வைத்தார். நான் பயந்துபோய்த் தலையைப் பின்னால் இழுத்தேன். "ஒண்ணும் ஆகாது ஆத்தா, மோந்து பாரு." மோந்து பார்த்தேன். பன்னீர் ரோஸ் அளவுக்கு இல்லை, ஆனாலும் நல்ல வாசம்தான், தேன் மாதிரி. வீட்டுக்குப் போகும் வழியில் எடுத்துப் போட்டுவிட்டேன்.

பெரியப்பா மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றினார். பொங்கல் முடிந்த வாரத்தில் சித்தியின் அப்பா வந்தார். முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். அவர் துண்டை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பெரியம்மா பேச்சை ஆரம்பிக்க, பேச்சு முடியும்வரை பருத்தி அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்த சித்தியைப் பண்ணையாளை விட்டுக் கூப்பிட்டார்கள்.

சித்தி வந்து முற்றத்து ஓரத்தில் நின்றார். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"அக்கா, எனக்கு மூணு மாசம்" என்றார்.

பெரியம்மா எழுந்து போய் அவர் முகத்தை விளக்குக்குத் திரி பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான" என்றவர், பொலபொலவென்று அழுதுவிட்டார். சித்தியின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எம்.ரெட்டியபட்டிப் பேச்சு அன்றோடு நின்றது. ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பெரியம்மா சித்தியை ஒரு செம்புகூடத் தூக்க விடவில்லை. மூன்று மாதம் தங்கிய பிள்ளை என்றதும் அவருக்கே பயம் வந்துவிட்டது. சித்தி பங்குக் குடத்தையும் சேர்த்துப் பெரியம்மாவே சுமந்தார். ஆடி மாதக் காற்றில் தங்கச்சி பிறந்தாள்.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. வயிற்றில் பிள்ளை இருந்தவள் எப்படித் தூரமாகியிருப்பாள், எப்படிச் செடியைத் தீட்டாக்கியிருப்பாள்? வீடு அதற்கும் வழி கண்டுபிடித்தது. பிள்ளைத்தாய்ச்சியின் நிழல் பட்டாலும் பூ வெளுக்கும் என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. சித்தி ஏன் தொட்டேன் என்று ஒத்துக்கொண்டார் என்பதற்கு ஒரே பதில்தான்: "அது ஒரு அப்பாவி. அதட்டினதும் பயந்துபோய் ஆமான்னுருச்சு." பெரியம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் ஏதாவது விவகாரம் என்றால், "சித்திகிட்டச் சொல்லாதீங்க, பயந்துருவாக" என்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வருடம் மினி லாரிக்காரரிடம் வாங்கிய சிவப்பு ரோஜா என் மாடியில் வெயிலில் கருகியது. அடியிலிருந்து புதிதாக ஒரு கொப்பு வந்தது. சின்ன இலை, நெருக்கமான இலை. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். தண்டில் ஒரு முடிச்சு, அதற்கு மேலே எல்லாம் காய்ந்த குச்சி, கீழேயிருந்துதான் புதுக் கொப்பு. அப்போது புரிந்தது. பெரிய பூப் பூக்கிற செடிகளைத் தனியாக நடுவதில்லை. வேறொரு காட்டு ரோஜாவின் தண்டில் ஒட்டு வைத்துத்தான் வளர்க்கிறார்கள். மேலே இருப்பது செத்தால், கீழே இருக்கிற காட்டு ரோஜா தன் பாட்டுக்கு முளைக்கும், தன் பூவைப் பூக்கும். தை மாதத்தில் என் தொட்டியிலும் பூத்தது. வெள்ளை, ஐந்து இதழ்.

எனக்குச் சித்தியின் நினைவு வந்தது. பெரியம்மா ஊற்றச் சொன்ன உப்புத் தண்ணீருக்காகவா ஒரு பெண் வீட்டுப்படி ஏறாமல் ஒரு மார்கழியைக் கழித்தார்? அந்தக் கொப்பில் ஒன்றை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பாலவனத்தத்துக்கு பஸ் ஏறினேன். சித்தி அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறார். பல் விழுந்துவிட்டது, கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொப்பைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"நம்ம தீட்டு ரோசு" என்றார்.

நான் ஒட்டு, முடிச்சு, காட்டு ரோஜா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை சித்தி என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க அண்ணன் செடியக் கொண்டாரும்போதே சொன்னாக. முடிச்சுக்குக் கீழ தளுத்தா கிள்ளிப் போட்டுரு, இல்லைன்னா காட்டு ரோசாப் போயிரும்னு."

"பெறகு ஏன் கிள்ளல?"

"மேல இருந்தது செத்துப்போச்சு. கீழயாவது ஒண்ணு உசுரோட வருதே. அதையும் கிள்ளச் சொல்லுதியா?"

சித்தி கொப்பிலிருந்த முள்ளை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"நார்த்தங்கா வந்ததும் தெரிஞ்சுக்கிட்டேன், ஒங்க அம்மா கண்டுபிடிச்சுட்டாகன்னு. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய விடல, மகராசி."

"சரி சித்தி, அப்பவே ஒட்டுச் செடி வெவரத்தப் பெரியம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே. ஏன் தொட்டேன்னு ஒத்துக்கிட்டீக? சொல்லியிருந்தா நம்பியிருப்பாகல்ல?"

"நம்பியிருப்பாக" என்றார் சித்தி. "நம்பிட்டா மறுநாளு ஊருணிக்குக் கொடத்தத் தூக்கிட்டுல்ல போகணும்."